இறுகிப் போன சக்கரமும் ஒரு பிடி தூசியும்



மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, "ஏதாவது சரித்திரம் எழுதுப்பா. ஆனா காலேஜ் சரித்திரம் வேண்டாம், அதை ஏற்கெனவே மூணு பேர் எழுதிக் கொடுத்தாச்சு" என்றார். எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். பதினைந்து வருடமாக நான் பிழைப்பு நடத்துவது வண்டிகளை ஓட வைப்பதில் அல்ல, நிறுத்துவதில். ஆம், பிரேக் துறையில் வேலை. அதனால் பிரேக்கின் கதையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த அதே வாரத்தில் நம் ஆட்டோ ஷெட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "சார், ஷெட்டை இடிக்கப் போறாங்க. உள்ளே இருக்கிற அம்பாசடர் நகர மாட்டேங்குது. நகரலைன்னா கேஸ் கட்டிங் போட்டு காயலான் கடைக்கு அனுப்பிடுவாங்களாம்" என்றாள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

அந்த வெள்ளை அம்பாசடரை மறந்தவர் நம்மில் யார்? ஒரு காலத்தில் முதல்வரின் கார். பிறகு ஆட்டோ லேபுக்கு வந்து, எத்தனையோ 'பேட்ச்'கள் கழற்றி மாட்டிப் பழகிய கார். கேபிள் டி.வி. பார்ப்பது போல நாற்பது பேர் சுற்றி நிற்க, அதன் பானெட்டைத் திறந்து மாஸ்டர் பாடம் நடத்துவார். மாஸ்டர் என்றால் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் அவருக்குக் கூச்சம், அதனால் விட்டுவிடுகிறேன்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காரைக் கடைசியாக ஓட்டியது நான்தான். 2010 மார்ச், எங்கள் பிரிவு உபசார விழா. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். "தம்பி, ஹேண்ட் பிரேக் போடாதே. கியர்ல போட்டு, டயருக்கு முன்னாடி பின்னாடி கட்டை வை. ரொம்ப நாள் நிக்கப் போற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் ஆகாது" என்றார் மாஸ்டர். சரி மாஸ்டர் என்று தலையாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் 'கிர்ர்ர்' என்று நன்றாக இழுத்துவிட்டு இறங்கி, போட்டோ எடுக்க ஓடிவிட்டேன். அதன் பிறகு அந்தக் கார் நகரவே இல்லை. ஆக, போகாமல் இருக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை காலை பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன்.

தோலில் தொடங்கிய கதை

சக்கரத்தை விடுவிக்கும் முன் அதைப் பிடித்திருப்பது எது, அது எப்படி அங்கே வந்து உட்கார்ந்தது என்று பார்த்துவிடுவோம்.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். கணவரிடம் சொல்லாமலேதான்! மோட்டார் வண்டியில் உலகின் முதல் நெடும்பயணம் அது. இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போயிற்று. அம்மையார் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்று நான் சம்பளம் வாங்குகிற 'பிரேக் லைனிங்' என்ற பொருள் பிறந்தது அந்த இடத்தில்தான் என்றால் மிகையாகாது.

இங்கிலாந்தில் டெர்பிஷையர் மலைப் பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதே பிரச்சினையைக் குதிரை வண்டிகளில் பார்த்தார். செங்குத்தான பாதையில் பாரம் ஏற்றிய வண்டிகள் இறங்கும்போது மரக்கட்டை பிரேக் தேய்ந்தும் கருகியும் போயிற்று. 1897-ல் அவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் சோதனைகளைத் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கி 'ஃபெரோடோ' என்று தன் சரக்குக்குப் பெயர் வைத்தார். பருத்தி நெசவில் பிசின் ஊறவைத்த பட்டைகள் முதலில். ஆனால் மோட்டாரின் வேகம் ஏற ஏறச் சூடும் ஏறியது, பருத்தி கருகியது. சூட்டுக்கு அஞ்சாத ஒரு நார் தேவைப்பட்டது. பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், அந்த இடத்தை நிரப்பியது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இதே காலத்தில்தான் 'டிரம்' வந்தது. 1900 வாக்கில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த காரில் ஒரு வகை டிரம் பிரேக் இருந்தது. 1902-ல் பிரான்சின் லூயி ரெனோ, நாம் இன்று பார்க்கிற வடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். சக்கரத்தோடு சுற்றும் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. அதற்குள்ளே சுற்றாமல் நிற்கும் பிறை வடிவ 'ஷூ' இரண்டு. மிதித்தால் ஷூக்கள் விரிந்து சட்டியின் உள்சுவரை அழுத்தும். மழை, சேறு, தூசி எதுவும் வெளியிலிருந்து எளிதில் உள்ளே போகாது. உள்ளே உண்டாகும் தூசி வெளியேயும் போகாது! இதுவும் பின்னால் வருகிறது.

முன்னும் பின்னும்

சனிக்கிழமை காலை காரைச் சுற்றி வந்தேன். நான்கு டயரிலும் காற்று இல்லை. தரையில் எலிப் புழுக்கை, பின் சீட்டில் ஒரு பூனை குடும்பம். நான் இழுத்துவிட்ட ஹேண்ட் பிரேக் அப்படியே விறைப்பாக நின்றது. வெட்கமாக இருந்தது. லீவரை இறக்கினேன். கைக்கு வந்ததே தவிர, சக்கரத்துக்கு எந்தச் சேதியும் போகவில்லை.

ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்கள் இரண்டையும்தான் பிடிக்கும். லைனிங் டிரம்மை அழுத்தியபடியே மழைக்காலத்தைக் கடந்தால், வார்ப்பிரும்பின் மேல் துரு பூத்து, லைனிங்கின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கி, இரண்டையும் பசை போட்டது போல ஒட்டிவிடும். ஒரு வாரம் நின்ற வண்டி, முதல் அசைவில் 'டக்' என்று விட்டுவிடும். பதினைந்து வருடம் நின்றது அப்படி விடுமா?

டயர்களுக்குக் காற்றடித்தோம். எட்டுப் பையன்கள், நான்கு பெண்கள். "தள்ளுங்க" என்றதும் எல்லோரும் பின்னால் போய் நின்றார்கள். "பாதிப் பேர் முன்னாடி வாங்க" என்றேன். ஏனென்று கேட்டான் ஒரு தம்பி. நல்ல கேள்வி. ரெனோவின் வடிவத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது, உராய்வு ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்தமாகச் சுவரில் செருகும். அதற்கு 'லீடிங் ஷூ' என்று பெயர். மற்றதை உராய்வே விலக்கித் தள்ளும், அது 'டிரெய்லிங் ஷூ'. டிரைவரின் காலுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் கூடுதல் பலம் இது. டிரம் பிரேக் அத்தனை காலம் கொடிகட்டிப் பறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இறுகிவிட்ட வண்டியில் இதே பலம் நமக்கு எதிரி. முன்னோக்கியே தள்ளிக்கொண்டிருந்தால் ஒரு ஷூ மேலும் மேலும் இறுகும். பின்னோக்கித் தள்ளினால் அது தளரும், மற்றது இறுகும். ஆகவே முன்னும் பின்னுமாக, ஊஞ்சல் ஆட்டுவது போல, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது டிரம் பிரேக்குக்கே சொன்னது போல இருக்கிறது.

இருபது நிமிடத்தில் வலது பின் சக்கரம் 'டொக்' என்று விட்டது. ஷெட்டே கைதட்டியது. இடது சக்கரமோ அசையவில்லை. தரையில் டயர் தேய்ந்து கறுப்புக் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

எண்ணெயும் தண்ணீரும்

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் உட்கார்த்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள் என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லி நம் காது புளித்திருக்கிறது. இப்போது நானே அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சக்கரத்துப் பக்கம் கழற்றினோம். உறைக்குள் கேபிள் துருவேறிக் கம்பி போல நின்றது. கழற்றியும் சக்கரம் விடவில்லை. அடுத்தது வீல் சிலிண்டரின் 'பிளீடர்' திருகை ஒரு சுற்றுத் திறந்து பார்ப்பது. திறந்ததும் சக்கரம் விட்டால், உள்ளே அழுத்தம் சிக்கி நிற்கிறது, ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம் என்று அர்த்தம். நாங்கள் திறந்தபோது வந்தது பழைய கருப்பட்டிப் பாகு போல ஒரே ஒரு சொட்டு. சக்கரம் அப்படியே நின்றது. ஆக, பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்திருக்கிறது, அல்லது லைனிங் ஒட்டியிருக்கிறது, அல்லது இரண்டும்!

அந்தச் சொட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆரம்ப காலத்தில் பிரேக்கெல்லாம் கம்பியும் கழியும்தான். நான்கு சக்கரத்துக்கும் சமமாக இழுப்பது என்பது பெரும்பாடு. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917-ல் திரவத்தின் மூலம் அழுத்தத்தைக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் பாஸ்கல் விதிதான், பிளஸ் டூ பாடம். விமானக் கம்பெனி தொடங்கிய அதே லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர் இவர். 1921-ல் டூசன்பர்க் 'மாடல் ஏ' கார் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. தோல் வாஷர்கள் ஒழுகின. பிறகு ரப்பர் 'கப்' வந்தது. 1924-ல் கிரைஸ்லர் கார் இதை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. ஹென்றி ஃபோர்டு மட்டும் பிடிவாதமாகக் கம்பியிலேயே நின்று, 1939 மாடலில்தான் மனம் மாறினார்.

கிளைக்கால் வகைப் பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 'டாட் 3' ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 140 டிகிரியைத் தாங்கினாலே போதும் என்று தர நிர்ணயமே இறங்கி வருகிறது. மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஓடாமல் நிற்கும் வண்டியிலோ அதே தண்ணீர் சிலிண்டருக்குள் துருவாகிப் பிஸ்டனைக் கடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள் என்று சொல்வது கம்பெனிக்கு வியாபாரம் பிடிக்க அல்ல. இன்னொன்று: ஆயில்தானே என்று என்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் கப்பெல்லாம் ஊறி உப்பிவிடும்.

டிரம்மைக் கழற்ற, முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூக்களை உள்ளே இழுக்க வேண்டும். பல வருடம் ஓடிய டிரம்மில் லைனிங் உராய்கிற இடம் குழிந்து, விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும். ஷூவை உள்வாங்காமல் இழுத்தால் அந்த வரப்பு ஷூவில் மாட்டிக்கொள்ளும். அட்ஜஸ்டரும் துரு. துரு இளக்கும் எண்ணெயை அதற்கும், டிரம் நடுவில் ஹப்போடு சேரும் வளையத்துக்கும் விட்டுவிட்டு, இரவு முழுதும் ஊறப் போட்டோம். லைனிங் பக்கம் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொண்டோம். ஞாயிறு காலை அட்ஜஸ்டர் முனகிக்கொண்டே திரும்பியது. பிறகு மரக்கட்டை வைத்து, போல்ட்டுகளுக்கு நடுவே, சுற்றிச் சுற்றி மிதமாகத் தட்டினோம். விளிம்பில் ஓங்கி அடிக்கக் கூடாது. வார்ப்பிரும்பு இரும்புதான், ஆனால் கண்ணாடிக்குத் தூரத்துச் சொந்தம். விரிசல் விட்டுவிடும்.

பதினோரு மணிக்கு டிரம் கையோடு வந்தது. ஒரு ஷூவின் லைனிங் பிய்ந்து டிரம்மோடேயே ஒட்டி வந்திருந்தது. உள்ளே, சிலிண்டரையும் ஸ்பிரிங்கையும் மூடிக்கொண்டு, ஒரு பிடி சாம்பல் நிறத் தூசி.

"ஊதாதீங்க மாஸ்டர்!"

டிரம் கழன்ற சேதி கேட்டு மாஸ்டர் மொபெட்டில் வந்துவிட்டார். வயது எழுபது தாண்டிவிட்டது. "ஏன்டா தம்பி, ஹேண்ட் பிரேக் போடாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்பதுதான் முதல் கேள்வி. பதினைந்து வருடம் கழித்து! எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வழக்கப்படி வேட்டியை மடித்துக் கட்டி, சக்கரத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்து, கம்ப்ரஸர் ஹோஸை எட்டி எடுத்தார். டிரம்மைத் திறந்தால் முதல் வேலை ஏர் அடித்துத் தூசியை ஊதுவது. நாமெல்லாம் பார்த்ததுதானே? 'புஸ்ஸ்' என்று சாம்பல் மேகம் எழும்பும், முன் வரிசைக்காரன் இருமுவான், பின் வரிசை சிரிக்கும்.

"ஊதாதீங்க மாஸ்டர்!" என்று அந்த மூன்றாம் ஆண்டு மாணவி கத்தினாள். மாஸ்டர் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஏம்மா?" அவள் என்னைப் பார்த்தாள்.

இங்கே என் இரண்டாவது குற்றம். பிரேக் லைனிங்கோடு பதினைந்து வருடம் வாழ்ந்தவன் நான். அந்தக் காரின் லைனிங் எந்தக் காலத்தது என்று தெரியும். கட்டையால் தட்ட ஆரம்பிக்கும் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். டிரம்மை விடுவிக்கும் ஆர்வத்தில் சொல்லவில்லை. எல்லோரையும் வெளியே வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லி, அங்கே வைத்துச் சொன்னேன். இனி நான் சொல்வதும் பிரேக்கின் சரித்திரம்தான். வழக்கமாகப் பாடப் புத்தகத்தில் வராத பாதி.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரின் அஸ்பெஸ்டாஸ் ஆலையில் நெல்லி கெர்ஷா என்ற பெண் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கி, வேலைக்குப் போக முடியாமல் போய், 1924 மார்ச்சில் 33 வயதில் இறந்தார். ஆலை நிர்வாகம் இழப்பீடு தர மறுத்தது. வில்லியம் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, திசு முழுதும் தழும்பேறி அதில் கல்நார்த் துகள்கள் பதிந்திருப்பதைக் கண்டு, அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1930-ல் மெர்வெதர், பிரைஸ் என்ற இரண்டு அரசு ஆய்வாளர்கள் ஆலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்தார்கள். 1931-ல் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. ஆலைக்குத்தான் வந்தன. ஆலையிலிருந்து லைனிங்காகி வெளியே போன நார், ஊர் ஊராக மெக்கானிக் ஷெட்டுகளில் தூசியாகித் திறக்கப்பட்டபோது அந்த விதி கூடவே போகவில்லை. கல்நாரால் வரும் மெசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, சில நேரம் அதற்கும் மேல் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் காரணமும் காரியமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. பிரிட்டன் 1999-ல் அஸ்பெஸ்டாஸ் முழுவதையும் தடை செய்தது. அமெரிக்காவில் கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நாருக்குத் தடை விதி 2024 மார்ச்சில்தான் வந்தது. நெல்லி இறந்து சரியாக நூறு ஆண்டுகள்!

மாஸ்டர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஹோஸை எப்போது கீழே வைத்தாரென்று நான் கவனிக்கவில்லை.

"இது எந்த வருஷம்னு சொன்னே?"

"1924, மாஸ்டர்."

"நான் வேலைக்குச் சேரும்போதே ஊருக்குத் தெரிஞ்ச விஷயமா?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மாஸ்டர்."

"முப்பத்தி நாலு வருஷம் ஊதியிருக்கேன்பா" என்றார். பிறகு மெதுவாக, "என்னை விடு. பேட்ச் பேட்ச்சா பிள்ளைங்க சுத்தி நின்னாங்களே" என்றார்.

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நண்பர்களே, அந்தப் பிள்ளைகள் நாம்தான். ஒன்றிரண்டு முறை சுற்றி நின்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். ஆபத்து அதிகம், வருடக் கணக்காக அந்தத் தூசியையே சுவாசித்தவர்களுக்கு. நம்மில் சர்வீஸ் ஸ்டேஷன், பஸ் டிப்போ, லைனிங் தயாரிப்பு என்று காலம் தள்ளியவர்கள் பலர் உண்டு. மூச்சு வாங்கினால் டாக்டரிடம் வயதையும் சர்க்கரையையும் மட்டும் சொல்லாதீர்கள், பார்த்த வேலையையும் சொல்லுங்கள். மாஸ்டரை அடுத்த வாரமே நெஞ்சு சிகிச்சை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். வருடம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

அன்று என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்குப் பயன்படும். டவுனுக்கு ஆளனுப்பி, நுண்தூசியைத் தடுக்கும் முறையான முகமூடிகள் வாங்கினோம். கர்ச்சீப் கட்டினால் போதாது. இருவர் மட்டும் உள்ளே. சோப்புத் தண்ணீரைப் பூ போலத் தெளித்துத் தூசியை நனைத்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம். துடைப்பம் இல்லை, ஏர் இல்லை. துணிகளையும் பிய்ந்த லைனிங்கையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அபாயக் கழிவு என்று எழுதிப் பூட்டி வைத்தோம். தொழிற்சாலைகளில் இதற்கென்றே நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனர் இருக்கிறது. பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. ஆகவேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை: ஊதாதீங்க.

பாடியிலிருந்து மின்சாரக் கார் வரை

நிற்க. நம் ஊரைத் தொடாமல் பிரேக் சரித்திரம் முடியாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவியாக 1957-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உருவாகத் தொடங்கியது. ஐந்து வருடத்தில், 1962-ல், சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 'பிரேக்ஸ் இந்தியா'வைத் தொடங்கின. பிறகு லைனிங் தொழிற்சாலைகளும் பாடி, அம்பத்தூர் பக்கம் முளைத்தன. நம் கல்லூரியிலிருந்து எத்தனை குடும்பங்களுக்கு அந்தத் திசையில் அடுப்பு எரிகிறது என்பதை நமது விலாசப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும். அஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் செய்து காட்டியதிலும் இந்தத் தொழிற்சாலைகளின் பொறியாளர்களுக்குப் பங்கு உண்டு. மாஸ்டரிடம் அதையும் சொன்னேன்.

டிரம்முக்கு எமன் 'டிஸ்க்' என்பார்கள். அதற்கும் 1902-லேயே லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் 1953-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மூடிய சட்டிக்குள் சூடு அடைபட்டு டிரம் சோர்ந்துபோகும், திறந்த தட்டில் காற்று பட்டு ஆறும். ஆனாலும் டிரம் சாகவில்லை. 2020-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 மின்சாரக் காரின் பின் சக்கரங்களில் டிரம்தான்! மின்சாரக் காரில் மோட்டாரே பெருமளவு வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் வெளியில் நனைந்து துருப்பிடிக்கும். மூடியிருக்கும் டிரம்மோ அதைவிடத் தாக்குப்பிடிக்கும். உழைத்துத் தேய்ந்ததைவிட, சும்மா இருந்து கெட்டது அதிகம் என்பதை இயந்திரமும் ஒப்புக்கொள்கிறது.

எனக்கு அந்த வேப்பமரத்தடியில் தோன்றியது இதுதான். சக்கரம் இறுகியது, பதினைந்து வருடம் யாரும் அசைக்காததால். 1924-ல் ஒரு மருத்துவர் கண்டுபிடித்த உண்மை நம் ஷெட்டுக்கு வந்து சேர நூறு வருடம் ஆனதும் அதனால்தான். புத்தகத்தில் இருந்தது, சட்டத்தில் இருந்தது, என்னைப் போன்றவர்கள் தலைக்குள்ளேயும் இருந்தது. அசைக்க ஆளில்லாமல் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. படித்த நான் சொல்லாததை, ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி கத்திச் சொன்னாள். ஆகவே ஒரு வேண்டுகோள். வருடம் ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறோமே, கூடவே நாம் பார்க்கும் வேலையில் பழகிய ஆபத்து எது என்று, அவரவர் துறை மாணவர்களிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவோம். கொதிகலன்காரர் கொதிகலனைப் பற்றி, பெயிண்ட்காரர் பெயிண்டைப் பற்றி. நன்கொடை ரசீதைவிட இது பெரிது என்பது என் தாழ்மையான கருத்து.

சிலிண்டரைக் கழற்றித் துருவைத் தேய்த்து, புதுக் கப் போட்டு, அஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் ஒட்டிய ஷூக்களை மாட்டி, மாஸ்டர் சிலிண்டருக்கும் புதுக் கப் மாற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் காற்றெடுத்து முடிக்க அடுத்த இரண்டு ஞாயிறுகள் ஆயின. மூன்றாவது ஞாயிறு, மாஸ்டரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, புது லேப் வரை சுமார் இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போனோம். என்ஜின் ஓடவில்லை, அது வேறு கதை, அடுத்த மலருக்கு. புது லேப் வாசலில் மாஸ்டர் பெடலை மிதித்தார். கார் ஒரு சாண் கூட நழுவாமல் நின்றது.

அவர் கியரில் போட்டார். டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கைத் தொடவில்லை. இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இப்போது புது லேபின் சுவரில், கம்ப்ரஸருக்கு மேலே, சிவப்புப் பெயிண்டில் ஒரு வரி இருக்கிறது: 'பிரேக் தூசியை ஊதாதே, நனைத்துத் துடை.' எழுதச் சொன்னது மாஸ்டர். பெயிண்டும் அவர் பணத்தில்தான் வாங்கினார். விழா நாளன்று வாருங்கள், காரையும் பாருங்கள், அந்த வரியையும் பாருங்கள். காருக்குள் யாரும் ஏறலாம். ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுக்க வேண்டாம்.



– முன்னாள் மாணவர், இயந்திரவியல் துறை (2006–2010)